அய்யனார் காட்டில் கொதித்த களாப்பழ ஜாம்

திருச்சி விமான நிலையத்தில் எல்லாருடைய பெட்டியும் ஒழுங்காக வந்தது. என்னுடையது மட்டும் சிவப்பாகச் சொட்டிக்கொண்டு வந்தது. பெல்ட்டில் அது ஒரு சுற்று முடிப்பதற்குள் பக்கத்தில் நின்ற ஒருவர் தன் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். சுங்க அதிகாரி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"ஜாம் சார்."

"ஜாமா? ஜாம் இப்படியா ஒழுகும்? எங்க, நீங்க மொதல்ல நக்குங்க."

நக்கினேன். அவரும் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் அஷ்டகோணலாகிவிட்டது. "என்னம்மா, இந்தப் புளி புளிக்குது!" என்றார். அதற்காகத்தான் சார் அவ்வளவு தூரத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தேன் என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

விஷயம் இதுதான். என் தங்கை கலைவாணிக்கு நாலு மாசம். மசக்கை என்றால் ஊருலகத்து மசக்கை இல்லை. சோறு, கஞ்சி, இளநீர், எது உள்ளே போனாலும் அடுத்த நிமிடம் வெளியே வந்துவிடும். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நான் இருப்பது பின்லாந்தில், கம்ப்யூட்டர் வேலை. அங்கே கோடை வந்தால் ஊரே வாளியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விடும். காடு யாருடையதாக இருந்தாலும் யார் வேண்டுமானாலும் பழம் பறித்து வீட்டுக்குக் கொண்டுவரலாம், சட்டமே அப்படி. பெரம்பூரில் பக்கத்து வீட்டு முருங்கைக்காயைப் பறித்து அடி வாங்கி வளர்ந்த எனக்கு அந்தச் சட்டம் ரொம்பவும் பிடித்துப்போனது. லிங்கன்பெர்ரி என்று ஒரு பழம், சுண்டைக்காயைவிடச் சின்னது, பல் கூசுகிற புளிப்பு. போன தடவை அந்த ஜாமை ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தேன், கலை அதைத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டே காலி செய்தாள். இப்போது போனில், "அக்கா, அந்தச் செவப்பு ஜாம் மட்டும் கெடச்சா உள்ள நிக்கும்னு தோணுது" என்றாள். குரலே பாதியாகத்தான் வந்தது. லீவு போட்டேன், ஜாம் பாட்டில்களைத் துண்டில் சுற்றிப் பட்டுப்புடவைக்கு நடுவே அடுக்கினேன், கிளம்பிவிட்டேன். ஒரு பாட்டில்கூட உருப்படியாக வந்து சேரவில்லை.

வாசல் திண்ணையில் படுத்திருந்த கலை என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். வளையல் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரை ஏறி இறங்கியது. ஜாம் உடைந்துபோன கதையை எப்படியோ சிரித்துக்கொண்டே சொல்லி முடித்தேன். "பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

அவள் கணவர் செல்வம் கால்நடை மருத்துவர். அவருக்காக வாங்கி வந்த வெள்ளைச் சட்டை பெட்டிக்குள்ளேயே ரோஸ் நிறமாகிவிட்டது. அதையே மரியாதையாக வாங்கிப் போட்டுக்கொண்டார். "மாடா இருந்தா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும் அண்ணி. இவளுக்குத்தான் ஒண்ணும் புரியல. இந்த வாரத்துக்குள்ள ஏதாவது சாப்பிட்டு உள்ள நிக்கலேன்னா அட்மிட் பண்ணி ட்ரிப்ஸ் ஏத்தணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரி வாசனைக்கே இவ வாந்தி எடுக்குறா." அவர் கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. சரி, இந்த ஊரிலும் காடு இருக்கும், காட்டில் புளிப்பாக ஏதாவது காய்க்கும், நான் பறிக்கிறேன் என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன்.

மறுநாள் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். காட்டில் தேடுவதற்கு முன்னால் கடையில் தேடலாம் என்று ஒரு சோம்பேறித்தனம். முதலில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து இட்லியும் கடப்பாவும் சாப்பிட்டேன். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்து கொதித்த அந்தக் கடப்பாவைப் பின்லாந்தில் எத்தனை முறை செய்தும் எனக்கு வந்ததில்லை. தங்கை பட்டினி கிடக்கிறாள், நீ இரண்டாவது தட்டு வாங்குகிறாயே என்று மனசாட்சி கேட்டது. அதற்கும் சேர்த்து ஒரு காபி சொன்னேன்.

கடைகளில் இருந்த ஜாமெல்லாம் வெறும் தித்திப்பு. கடைக்காரர் ஒருவர் "புளிப்பா வேணும்னா ஊறுகா வாங்கிக்கங்களேன்" என்றார். பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு அம்மா கூடையில் நாவல்பழம் வைத்திருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடையோடு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். வழியில் ஒரு ஆட்டுமந்தைக்காக டிரைவர் பிரேக் போட்டார், கூடை கவிழ்ந்தது, பஸ் முழுக்க நாவல்பழம் உருண்டது. அத்தனை பேரும் காலைத் தூக்கிக்கொண்டு பொறுக்கித் தந்தார்கள். கூடைக்கு வந்தது பாதி, வாய்க்குள் போனது பாதி. பின் சீட்டிலிருந்து ஒருவர் "உப்பு இருக்காம்மா?" என்று கேட்டார். கண்டக்டர் விசிலை எடுத்துவிட்டுப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டதால் இரண்டு ஸ்டாப்புக்கு விசிலே இல்லை.

மிச்சம் இருந்ததைக் காய்ச்சினேன். நிறம் அபாரம், கலை ஒரு ஸ்பூன் நக்கியதும் நாக்கு ஊதா நிறமாகிவிட்டது. "தொண்டையப் புடிக்குதுக்கா" என்றாள். அடுத்த நிமிடம் கொல்லைப்பக்கம் ஓடினாள். அந்த ஜாம் முழுவதையும் நானும் செல்வமும் தோசைக்குத் தொட்டுத் தீர்த்தோம்.

அதற்கடுத்த நாள் விமலா வந்தாள். செல்வத்தின் அக்கா, நன்னிலத்தில் நெல் அறுக்கும் மெஷின் வைத்து வாடகைக்கு விடுகிறாள். மெஷின் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவள் என்பதால் வீட்டிலும் அதே குரல்தான்.

"நாவப்பழம் தொவர்க்குங்கக்கா. புளிப்பு வேணும்னா களாதான்! எங்க நன்னிலத்துல வயலும் வாய்க்காலுமா கெடக்கு, முள்ளுச்செடிக்கு எடம் ஏது? இங்க செம்மண்ணு. அய்யனார் கோயில் காட்டுல களாப்பழம் கொட்டிக் கெடக்கும். சின்னப் புள்ளையில அங்கதான் கெடப்போம்."

அடுத்த நிமிடம் நான் வாளியோடு அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வாய்க்கால் கரையோரமாகப் போனோம். இந்தப் பக்கம் குறுவைப் பச்சை, அந்தப் பக்கம் முந்திரித்தோப்பு. ஒரு திருப்பத்தில் வாளி பறந்து வாய்க்காலில் விழுந்து மிதந்தது. விமலா ஸ்கூட்டரை விடாமல் கரையோடு அதைத் துரத்தினாள், நான் மதகில் இறங்கிப் பிடித்தேன். புடவை முழங்கால் வரை நனைந்ததில் எனக்கு ஏனோ ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

அய்யனார் காடு ரோட்டோரத்தில்தான் இருக்கிறது. வாசலில் இரண்டு மண்குதிரைகள், அதைத் தாண்டினால் வெளிச்சமே மட்டு. உள்ளே போனதும் நான் கத்திவிட்டேன். புதர் புதராகக் களா. பச்சை, சிவப்பு, கறுப்பு என்று ஒரே கிளையில் மூன்று நிறத்திலும் தொங்கியது. ஒன்றை வாயில் போட்டேன். அந்தப் புளிப்பு காது மடல் வரை ஏறியது. லிங்கன்பெர்ரியின் ஒன்றுவிட்ட அக்கா இவள்தான்! முள் கையைக் கிழித்தது, காம்பில் வடிந்த பால் விரலை ஒட்டியது, ஒன்றும் பொருட்டாகத் தெரியவில்லை. இரண்டு கையாலும் பறித்தேன். ஜாம் கெட்டிப்பட வேண்டுமே என்று செங்காயும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். விமலா தூரத்தில் போனில் யாரோடோ மெஷின் வாடகை பேசிக்கொண்டே தின்றுகொண்டிருந்தாள்.

வாளி நிறைந்தது. குதிரையைத் தாண்டி ஒரு காலை வெளியே வைத்திருப்பேன்.

"அம்மா! அம்மா! நில்லுங்க! கால உள்ள எடுங்க!"

வேட்டியை மடித்துக் கட்டியபடி ஒருவர் ஓடி வந்தார். கோயில் பூசாரி, பெயர் மாரிமுத்து. மற்ற நேரத்தில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், சட்டைப்பையில் விசிட்டிங் கார்டு இருந்தது.

"இங்க எவ்வளவு வேணா திங்கலாம்மா. ஒரு பழம், ஒரு குச்சி வெளிய போவக் கூடாது. எங்க பெரியப்பா வெறகு ஒண்ணு எடுத்துட்டுப் போனாரு, அன்னிக்கே வீட்டு ஓடு சரிஞ்சுபோச்சு."

நான் விமலாவைப் பார்த்தேன். "உனக்குத் தெரியாதா?"

"தெரியுமேக்கா. நீங்க திங்கத்தான் பறிக்கிறீங்கன்னு நெனச்சேன்."

"வாளியிலயா?"

"பாரின்ல இருக்குறவங்க, அப்படித்தான் திம்பீங்க போலன்னு விட்டுட்டேன்."

பூசாரி வாளியை எட்டிப் பார்த்தார். "பறிச்சது பறிச்சாச்சு. தரையில போடக் கூடாது. உள்ள உக்காந்து தின்னு முடிச்சுட்டுப் போங்க."

தின்னத் தொடங்கினோம். பாதி வாளி தீர்வதற்குள் உதடு ஒட்டிக்கொண்டது, பல் கூசியது, விமலாவுக்கே குரல் எடுபடவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தேடி அலைந்த பழம் மடியில் இருக்கிறது, அது போய்ச் சேர வேண்டிய வாய் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பட்டினி கிடக்கிறது. பூசாரியிடம் தங்கையின் கதையைக் கொட்டினேன்.

"வயித்துப் புள்ளக்காரியா? அத மொதல்ல சொல்லக் கூடாதா? இங்க கூட்டிட்டு வாங்க. அய்யனாரு வந்து சாப்பிடாதேன்னா சொன்னாரு?"

"அவளுக்கு ஜாமாத்தான் வேணும்ணே. இங்கயே காய்ச்சலாமா?"

பூசாரி யோசித்தார். "கெடா வெட்டிச் சமைக்கிறோம். பொங்கல் வைக்கிறோம். ஜாம் காய்ச்சினதில்லையே" என்று தலையைச் சொறிந்தார். பிறகு, பூப்போட்டுக் கேட்டுவிடுவோம் என்றார். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்து அய்யனார் முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம். விமலா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. வெள்ளை! நான் துள்ளிய துள்ளலில் பூசாரி இரண்டடி தள்ளிப்போனார்.

"ஆனா ஒண்ணும்மா. கெடாக்கறிக்கு என்ன கட்டோ அதுதான் இதுக்கும். இங்க ஆக்குனது இங்கயே தீரணும். பாட்டில்ல அடைக்கிற வேலையெல்லாம் கூடாது."

யோசித்துப் பாருங்கள். ஜாம் என்பதே பிறகு சாப்பிடலாம் என்று செய்து வைப்பது. பின்லாந்தில் ஒரு பாட்டிலைத் திறக்கவே பனிக்காலம் வரை காத்திருப்போம். இங்கே பொழுது சாய்வதற்குள் மிச்சமில்லாமல் தீர்க்க வேண்டிய ஒரு ஜாமை நான் காய்ச்சப் போகிறேன்.

காட்டுக்குள்ளேயே செங்கல் அடுப்பு இருந்தது, பொங்கல் வைக்கிற அண்டா இருந்தது. விமலா ஸ்கூட்டரில் பறந்துபோய்க் கடையிலிருந்து சர்க்கரை வாங்கி வந்தாள், வழியிலேயே தம்பிக்குப் போன் போட்டுக் கலையைக் கூட்டி வரச் சொல்லிவிட்டாள். இன்னொரு வாளியும் பறித்தோம். பழத்தைக் கழுவி, பால் போகத் தேய்த்து, கீறிக் கொட்டை எடுத்தோம். பூசாரியும் உட்கார்ந்து கொட்டை எடுத்தபடியே குழந்தை பிறந்ததும் போட வேண்டிய பாலிசியை விளக்கினார். பழம் வெந்து சர்க்கரை விழுந்ததும் அண்டாவில் அந்த நிறம் வந்தது பாருங்கள், விமான நிலையத்தில் என் பெட்டியிலிருந்து சொட்டிய அதே சிவப்பு. வாசனை ரோடு வரைக்கும் போயிருக்க வேண்டும்.

போயிருந்தது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டம் ஒன்று காவி உடையில் ரோட்டோரக் குழாயடியில் இளைப்பாறிக்கொண்டிருந்தது. மாதா சொரூபம் வைத்த தள்ளுவண்டி, அதன் மேல் ஸ்பீக்கர். அவர்களுக்கு முன்னால் நடக்கிற ஒரு அக்கா குதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினார். திண்டுக்கல் பக்கமாம்.

"என்னங்க காயுது?"

"ஜாம்! உள்ள வந்தா சாப்பிடலாம், வெளிய குடுக்க மாட்டோம்!" என்று விமலா கத்தினாள்.

"ஜாமா? எங்ககிட்ட மூட்டை நெறைய பன் இருக்கே! வழியில ஒரு புண்ணியவான் குடுத்தாரு. தொட்டுக்க ஒண்ணுமில்லாம ரெண்டு நாளா தண்ணியில நனைச்சுத் தின்னுட்டு வர்றோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "சாமிக்குப் படைச்சதுங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் படைக்கலம்மா. படைக்கிறதுக்கு ஒரு கரண்டி தனியா எடுத்துக்கிறேன், மத்தது வெறும் ஜாம்தான்" என்றார் பூசாரி. அப்படியானால் சரி என்று மொத்தக் கூட்டமும் பன் மூட்டையோடு உள்ளே வந்தது. தீர்ப்பதற்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கரண்டியை இன்னும் வேகமாகச் சுற்றினேன்.

அந்த நேரத்தில்தான் வாய்க்கால் கரையில் செல்வம் தெரிந்தார். ரோஸ் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மொபெட்டை ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். கலை பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். பெட்ரோல் வாசனை அவளுக்கு ஆகாது என்று வீட்டிலிருந்து என்ஜினைப் போடாமலே தள்ளி வந்திருக்கிறார் மனிதர். அப்படியும் வாய்க்கால் பாலத்தில் இறங்கி ஒரு தடவை வாந்தி எடுத்தாளாம். முகம் வெளுத்துக் கிடந்தது. பூசாரி அவள் கையில் ஒரு கொத்து வேப்பிலையைக் கொடுத்து உள்ளே அழைத்துப்போனார்.

வாழையிலைத் துண்டில் கொஞ்சம் ஊற்றி ஆறவைத்துக் கொடுத்தேன். அவள் முகர்ந்தாள். செல்வம் பழக்க தோஷத்தில் அவளுக்குப் பின்னால் வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு விரலால் தொட்டு நக்கினாள். கண்ணை இறுக்கி மூடினாள். பன்னும் கையுமாகக் கூட்டம் அப்படியே நின்றது, ஒருவர் மென்றுகொண்டிருந்ததைக்கூட நிறுத்திவிட்டார்.

கலை கண்ணைத் திறந்தாள். "இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா."

ஊற்றினேன். இலையை வழித்தாள். பன் கேட்டாள். திண்டுக்கல் அக்கா ஓடி வந்து ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தார். அதையும் தொட்டுத் தின்றாள். இன்னொன்று. அவள் மெல்லுவதைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று சொல்ல வந்த செல்வம், வாளியைக் கீழே வைத்துவிட்டு ரோஸ் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பூசாரி மட்டும், "கொஞ்சம் பொறுங்க, உடனே சந்தோசப்படாதீங்க" என்று எல்லாரையும் அடக்கினார். பொறுத்தோம். அண்டா காலியாகி, வழித்து, கழுவிக் கவிழ்த்தும் ஆயிற்று. கலை வேப்பிலையால் விசிறிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் ஆகாதுதான், இனிமேல்தான் பயணம் இருக்கிறது. செல்வம் அவளை ஏற்றி மறுபடி மெதுவாகத் தள்ளினார். மண்குதிரைக்குப் பக்கத்தில் நாங்கள் எல்லாரும் வரிசையாக நின்றோம். ஒரு பழம்கூட எல்லையைத் தாண்டக் கூடாது என்று காலையில் என்னைத் துரத்தி வந்த பூசாரி, இப்போது கையைப் பிசைந்துகொண்டு, "போயிடணும், நல்லபடியா வீடு போய்ச் சேந்துடணும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். திண்டுக்கல் அக்கா ஜெபமாலையை எடுத்துவிட்டார். மொபெட் பாலத்தருகே போனது. நின்றது. விமலா என் கையை நெரித்தாள். செல்வம் குனிந்து ஏதோ கேட்டார், கலை தலையாட்டினாள், மொபெட் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டது. அதற்கு மேல் மரம் மறைத்துக்கொண்டது.

காவிக் கூட்டம் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியும் கிளம்பவில்லை. என் போன் அடித்தது. ஸ்பீக்கரை அமுக்குவதற்குள் இரண்டு தடவை தப்பாக அமுக்கினேன்.

"அண்ணி" என்றார் செல்வம், மூச்சு வாங்க. "வீடு வந்துட்டோம். உள்ளதான் இருக்கு. ராத்திரிக்கு என்ன சாப்பாடுன்னு கேக்குறா."

பூசாரி வேட்டி அவிழக் குதித்தார். தள்ளுவண்டி ஸ்பீக்கரில் யாரோ பாட்டைப் போட்டுவிட்டார்கள். நான் குதிரையின் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.